எதை நம்பி இறங்குகிறோம்

போன மாதம் என் கைப்பேசிக்கு ஒரு படம் வந்தது. அனுப்பியவன் சுரேஷ். நான் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்த எண்ணூர் ரசாயன ஆலையில் இப்போது பெர்மிட் எழுதுகிறவன். காகிதத்தில் எழுதிவந்த வேலை அனுமதிச் சீட்டைக் கைப்பேசிக்குள் கொண்டுவந்துவிட்டார்களாம். ஆங்கிலத்தில் இருந்ததை மெஷினே தமிழாக்கிவிட்டதாம். "அண்ணே, ஒருவாட்டி பாத்துட்டுச் சொல்லுங்க. இந்த ஃபாரத்துலயே ஊறுனவரு நீங்கதான்" என்று கீழே எழுதியிருந்தான்.

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தேன். பெரும்பாலும் பரவாயில்லை. ஏழாவது வரியில் நின்றுவிட்டேன். 'நம்பிக்கை: ஆம் / இல்லை' என்று இருந்தது. டிக் அடிக்க இரண்டு கட்டங்கள்.

சுரேஷுக்கு 'இது தப்பு' என்று அனுப்பினேன். 'ஏன்ணே?' என்று உடனே கேட்டான். கட்டைவிரலால் தட்டி முடிகிற பதில் இல்லை அது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஆங்கிலத்தில் அந்த வரி 'ரிலை ஆன்' (rely on). இரண்டே சொல். அதன் அர்த்தம் எனக்கு விளங்கவே இரண்டு வருஷம் ஆனது. விளங்கிவிட்டது என்று நினைத்த பிறகும் அதில் தவறினேன்.

என் பெயர் ஆனந்தன். புளியந்தோப்பு ஹவுசிங் போர்டில் மூன்றாவது மாடி. அப்பா தண்டையார்பேட்டை குடோன்களில் மூட்டை ஏற்றியவர். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தேன். இரண்டு வருஷம் கான்ட்ராக்டில் ஹெல்ப்பராக இருந்தேன். பிறகு அதே ஆலையில் நிரந்தரம். காலையில் பேசின் பிரிட்ஜில் கும்மிடிப்பூண்டி ரயிலேறினால் எண்ணூர் வருவதற்குள் செய்தித்தாள் முழுக்கப் படித்துவிடலாம், உட்கார இடம் கிடைத்தால். பத்து வருஷம் ஸ்பானர் பிடித்த பிறகு கையில் பேனாவைக் கொடுத்தார்கள். பெர்மிட் எழுதும் வேலை.

வெளியாட்களுக்காகச் சொல்கிறேன். ஆலையில் ஒரு பைப்பைக் கழற்றவோ, ஒரு டேங்குக்குள் ஆளை இறக்கவோ வேண்டுமென்றால் நினைத்த மாத்திரத்தில் செய்ய முடியாது. அந்தப் பகுதியை ஓட்டுகிற ஆபரேட்டர் மூட வேண்டிய வால்வுகளை மூடிப் பூட்டுப் போட்டுச் சாவியை என்னிடம் தர வேண்டும். நான் நேரில் போய்ப் பார்த்துச் சீட்டை நிரப்ப வேண்டும். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் வேலை தொடங்கும்.

அந்தச் சீட்டு ஏதோ வெளிநாட்டுப் படிவத்தைப் பார்த்து அப்படியே அச்சடித்தது. அதில் 'ரிலை ஆன்' என்று ஒரு வரி, பக்கத்தில் வெற்றிடம். எனக்கு முன்னால் எழுதியவர் அங்கே 'யெஸ்' என்று எழுதினார். நானும் 'யெஸ்' என்று எழுதினேன். இரண்டு வருஷம் ஒருவரும் கேட்கவில்லை.

கேட்டவர் மைதிலி மேடம். பாதுகாப்பு அதிகாரியாக வந்தவர். என்னைவிட ஏழு வயது சின்னவர். ஹெல்மெட் அவருக்கு எப்போதும் ஒரு அளவு பெரிதாக இருக்கும். நடக்கும்போது ஒரு கையால் அதைப் பிடித்துக்கொள்வார். போனில் எதையும் ஒப்புக்கொள்ள மாட்டார். "நான் வந்து பாக்கறேன்" என்பதுதான் அவருடைய எல்லாப் பதிலும். வந்தால் பைப்பின்மேல் புறங்கையை வைப்பார், பூட்டை இழுத்துப் பார்ப்பார், பிறகு சீட்டை நின்றபடியே வாய்விட்டுப் படிப்பார். ஆங்கில வரிகளை அவர் குரலில் கேட்கும்போது, நாம் எழுதியது என்னவென்று நமக்கே அப்போதுதான் தெரியும். தப்பாக எழுதியிருந்தால் திட்ட மாட்டார். சீட்டைத் திருப்பிக் கொடுத்து, பேனாவின் மூடியைக் கழற்றிப் பேனாவையும் கொடுப்பார். அவ்வளவுதான். அதற்குத் திட்டே வாங்கியிருக்கலாம் என்று தோன்றும்.

வந்த இரண்டாவது வாரம் எங்கள் எல்லோரையும் கேன்டீனுக்கு அழைத்தார். மேஜைமேல் ஒரு கட்டுப் பழைய சீட்டுகள்.

"இந்த லைனுக்கு ஃபிட்டர் செக்‌ஷன்ல எல்லாரும் 'யெஸ்'னு எழுதியிருக்கீங்க. எலக்ட்ரிக்கல்ல எல்லாரும் 'ஆஃப்'னு எழுதியிருக்கீங்க. ஏன்னு யாராவது சொல்ல முடியுமா?"

எலக்ட்ரீஷியன்களில் மூத்தவர் எழுந்தார். "மேடம், ரிலே ஆன்ல கீதான்னு கேக்குது. நாங்க வேல செய்யசொல்ல ஆஃப் பண்ணிட்டுத்தானே செய்வோம்? அதான் ஆஃப்னு எழுதுறோம்."

கேன்டீனே சிரித்தது. மின்சாரப் பெட்டிக்குள் இருக்கும் ரிலே என்ற ஸ்விட்சைத்தான் கேட்கிறது என்று இத்தனை வருஷம் நினைத்திருக்கிறார்கள். மேடம் சிரிக்கவில்லை. பலகையில் அந்த இரண்டு சொல்லையும் எழுதினார்.

"ஆனந்தன், இதுக்குத் தமிழ் என்ன?"

"நம்புறது, மேடம்."

"ட்ரஸ்டுக்கு?"

"அதுவும் நம்புறதுதான்."

"பிலீவுக்கு?"

பின்னாலிருந்து யாரோ "அதுக்கும் நம்புறதுதான் மேடம்" என்றதும் மறுபடி சிரிப்பு.

அப்போது யேசுதாஸ் கையைத் தூக்கினான். காசிமேட்டுக்காரன். கடலுக்குப் போகும் குடும்பத்திலிருந்து ஆலைக்கு வந்த முதல் ஆள். எங்கள் பகுதியின் ஆபரேட்டர். "மேடம், எங்கப்பா போட்டு எஞ்சின ஒருநாளும் நம்புனது இல்ல. எப்பவும் துடுப்ப எடுத்து வெச்சிகினுதான் போவாரு. ஆனா போட்ட நம்பித்தான் கடலுக்குப் போறாரு. அது ஒடஞ்சா ஆளே இல்ல. நீங்க கேக்குறது அந்த நம்பிதானே?"

மேடம் சாக்பீஸைக் கீழே வைத்தார். "அதேதான். நம்பறது மனசுக்குள்ள மட்டும் இருக்கலாம். தப்பாப் போனா வருத்தப்படுவோம். நம்பிப் போறதுன்னா உங்க உடம்பே அது மேல இருக்கு. அந்த 'ஆன்'ங்கற சின்ன வார்த்தை அதுக்குத்தான். உங்க வெயிட் எது மேலன்னு இந்த ஃபாரம் கேக்குது. அதுக்கு 'யெஸ்'னு பதில் எழுதினா எப்படி?"

அன்று ரயிலில் வீட்டுக்குப் போகும்போது இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். நம் தமிழில் அந்த 'ஆன்' இல்லை. அதன் வேலையை அடுத்து வரும் வினை செய்கிறது. நம்பி ஏறு, நம்பி இறங்கு, நம்பி ஒப்படை. வெறும் 'நம்பு' ஒரு மாதிரி. பின்னால் ஒரு வினையை இழுத்துக்கொண்டு வரும் 'நம்பி' வேறு மாதிரி. ஐம்பது வயதுவரை பேசிய பாஷையில் இப்படி ஒரு நுணுக்கம் இருக்கிறது என்று சிலருக்குத் தெரியாமலே போய்விடும். எனக்கு முப்பத்தைந்தில் தெரிந்தது.

அடுத்த வாரம் ஒரு ரப்பர் ஸ்டாம்பு வந்தது. மேடம் செய்யக் கொடுத்திருந்தார். சீட்டின் ஏழாவது வரிக்குக் கீழே ஊதா மையில் அதைக் குத்த வேண்டும்: 'எதை நம்பி இறங்குகிறோம்?'

ஆறு மாதம் எல்லோரும் ஒழுங்காக எழுதினோம். பிறகு அதுவும் பழகிப்போனது. கை தானாக 'வால்வு மூடப்பட்டது' என்று எழுதிவிடும்.

வால்வு மூடியிருந்தால் போதாது என்பது விதி. டேங்குக்குள் ஆள் இறங்கும்போது, அதற்குள் வரும் பைப்பின் நடுவே கெட்டியான இரும்புத் தகடு ஒன்றைச் சொருக வேண்டும். பைப்பின் இரண்டு விளிம்புகள் சேருமிடத்தில் போல்ட்டுகளைத் தளர்த்தி, தகட்டை நுழைத்து, மறுபடி முறுக்க வேண்டும். ப்ளைண்டு என்று சொல்வோம். வால்வு உள்ளுக்குள் தேய்ந்து கசியலாம்; தகடு கசியாது. ஆனால் தகடு போடுவதென்றால் இரண்டு ஃபிட்டர்களுக்கு அரைநாள் வேலை.

யேசுதாஸும் நானும் வெறுமனே கூட வேலை பார்க்கிறவர்கள் அல்ல. என் மகள் பிறந்தபோது என் மனைவிக்கு ரத்தம் தேவைப்பட்டது. மூன்று பேரைக் கேட்டேன். கேட்காமலே வந்து கையை நீட்டியவன் அவன். மகள் அவனை மாமா என்றுதான் கூப்பிடுவாள். எனக்குப் பின்னால் தண்டையார்பேட்டையில் ஏறுகிறவன் ரயிலில் எனக்கு எப்படி இடம் பிடிப்பான்? ஆனாலும் "உனக்கு எடம் புடிச்சி வெக்கிறேன் மாமு" என்று தினமும் சொல்வான். நான்தான் அவனுக்குப் பிடித்து வைப்பேன்.

அந்த வருஷப் பராமரிப்பு நிறுத்தத்தில் நாலாம் நம்பர் டிரம்மைச் சுத்தம் செய்ய வேண்டியிருந்தது. இரண்டு மாடி உயரத்துக்கு நிற்கும் பெரிய இரும்பு உருளை. மேலே ஒரு ஆள் நுழையும் அளவுக்கு வட்ட வாசல். உள்ளே இறங்கிக் கம்பி வலைகளைக் கழற்றித் துடைக்க வேண்டும். அந்த டிரம்முக்குள் நைட்ரஜன் பைப் ஒன்று வருகிறது. நைட்ரஜனுக்கு மணம் இல்லை, நிறம் இல்லை, கண் எரியாது, இருமல் வராது. காற்றைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் அது உட்கார்ந்துகொள்ளும். சுவாசிக்கிறோம் என்றே நினைத்துக்கொண்டு மனிதன் சாய்ந்துவிடுவான்.

மேடம் அன்று தலைமை அலுவலகக் கூட்டத்துக்குப் போயிருந்தார், மதியம்தான் வருவார். அவர் இல்லாதபோது என் கையெழுத்தே போதும் என்று ஏற்பாடு. தகட்டோரம் கசியாமல் அடைக்கும் கேஸ்கெட் வளையம் ஸ்டோரில் இல்லை, நாளைக்கு வரும் என்றார்கள். மேனேஜர் இரண்டு முறை போன் செய்து டிரம் முடிந்ததா என்று கேட்டுவிட்டார். டிரம்மின் உச்சியில், மேடையில் நின்று யேசுதாஸிடம் சொன்னேன்.

"ப்ளைண்டு போடணும்டா. நாளைக்கு வெச்சிக்கலாமா?"

"இன்னாத்துக்கு மாமு? வால்வ என் கையால மூடிகினு பூட்டும் போட்டுட்டேன். சாவி தோ கீது."

"ரூல்ல கீதே."

அவன் என்னைப் பார்த்தான். கோபமில்லை, சின்ன வருத்தம்போல ஒன்று. "என்னிய நம்பலியா நீ?"

இந்தக் கேள்விக்கு எங்கள் பக்கத்தில் ஒரே பதில்தான் உண்டு. நம்பாமல் என்னடா என்றேன். சாவியை வாங்கிச் சட்டைப் பையில் போட்டேன். அவன் கையெழுத்துப் போட்டுத் தந்த சீட்டில், ஊதா மைக்குப் பக்கத்தில் எழுதினேன்: 'நைட்ரஜன் வால்வு மூடியது. யேசுதாஸ்.'

அவன் பெயரை அங்கே எதற்கு எழுதினேன் என்று பின்னால் பலமுறை கேட்டுக்கொண்டிருக்கிறேன். நம்பிக்கையைக் காட்டத்தான் எழுதினேன் என்று கொஞ்சநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மையில்லை. மனதுக்குள் எங்கோ ஒரு மூலையில் சந்தேகம் இருந்தது. அதன்மேல் அவன் பெயரை எடுத்து வைத்தேன்.

உள்ளே இறங்க வந்தவர் குமரவேல். திருவொற்றியூர்க் கடலோரக் குப்பத்துக்காரர், கான்ட்ராக்ட் தொழிலாளி, நாற்பது வயதிருக்கும். இடுப்பிலும் தோளிலும் பட்டை கட்டிக் கயிற்றில் மாட்ட வேண்டும் என்றதும் முகம் சுளித்தார். "இன்னா சார், மாட்டக் கட்ற மாதிரி கட்டிகினு. எத்தினி டிரம்முல எறங்கிக்கிறேன்."

"கட்டிக்கிட்டாதான் எறங்கலாம்" என்றேன். அந்த ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. வாசலுக்குமேல் நிற்கும் மூன்று கால் இரும்புச் சட்டத்தில், கையால் சுற்றிக் கயிற்றை ஏற்றி இறக்கும் கைச்சுழற்றி ஒன்று. அதிலிருந்து இறங்கும் கயிறு அவர் முதுகில்.

காற்றுச் சோதனைக் கருவியை உள்ளே இறக்கிப் பார்த்தேன். ஆக்சிஜன் இருபது புள்ளி ஒன்பது சதவீதம். சுத்தமான காற்று. டிரம்முக்குள் வெளிக்காற்றை அனுப்பும் விசிறி ஓடிக்கொண்டிருந்தது. முக்கால் மணிநேரம் குமரவேல் உள்ளே வேலை செய்தார், பாட்டுக்கூடப் பாடினார். டீக்கு மேலே வந்தார். விசிறியின் இரைச்சலில் பேச முடியவில்லை என்று யாரோ நிறுத்தினார்கள். அரைமணி நேரம் டீ. மறுபடி விசிறியைப் போட்டு, கயிற்றை மாட்டியதும் இறங்கினார்.

மறுபடி காற்றைச் சோதிக்க வேண்டும். சோதிக்கவில்லை. காலையில்தான் பார்த்தோமே என்று விட்டுவிட்டேன்.

"டீல சக்கரையே இல்ல சார்" என்று சொல்லிக்கொண்டே ஏணியில் இறங்கினார். அடியில் கால் வைத்தார். பிறகு உட்கார்ந்தார். விழவில்லை, களைத்துப்போனவர் உட்காருவதைப்போல மெதுவாக உட்கார்ந்து தலையைச் சுவரில் சாய்த்தார்.

"குமாரு!" என்று கத்தினேன். டார்ச் அடித்தேன். கண் திறந்திருந்தது. பதில் இல்லை.

பக்கத்தில் நின்ற யேசுதாஸ் ஹெல்மெட்டைத் தூக்கி எறிந்துவிட்டு ஒரு காலை வாசலுக்குள் விட்டான். பின்னாலிருந்து அவன் பெல்ட்டைப் பிடித்து இழுத்தேன்.

"வுட்றா! மனுசன் சாவுறான்டா!"

"எறங்குனா ரெண்டு பொணம்டா! கயிறு கீது, கயிறப் புடி!"

அவன் கேட்காமல் திமிறித் திரும்பினான். முழங்கையால் அவன் முகத்தில் ஓங்கி அடித்தேன். மூக்கில் ரத்தம் வந்தது. அந்த அடியில்தான் அவனுக்கு நிதானம் வந்தது. இரண்டு பேரும் கைச்சுழற்றியைப் பிடித்துச் சுற்றினோம். கயிறு ஒரு சுற்றுக்கு ஒரு சாண் ஏறும். அவ்வளவு மெதுவான இயந்திரத்தை நான் வாழ்க்கையில் தொட்டதில்லை. வாசலுக்கு வந்ததும் தோள் சிக்கிக்கொண்டது. யேசுதாஸ் குப்புறப் படுத்து, மூச்சை அடக்கிக்கொண்டு, கையைத் தோள்வரை உள்ளே விட்டு அவரைத் திருப்பினான். வெளியே இழுத்துப் போட்டோம். உதடு நீலமாக இருந்தது.

ஓடி வந்த முதலுதவிக்காரர் நெஞ்சை அழுத்தினார், அழுத்திக்கொண்டே இருந்தார். கடைசியில் துருப்பிடித்த கதவு திறக்கிற மாதிரி ஒரு மூச்சு வந்தது. அந்தச் சத்தம் கேட்டதும் நான் மேடையில் உட்கார்ந்துவிட்டேன்.

மதியம் மேடம் வந்தார். நேராக வால்விடம் போனார். பூட்டை இழுத்துப் பார்த்தார், பூட்டியிருந்தது. கைப்பிடியை முறுக்கிப் பார்த்தார், முழுக்க மூடியிருந்தது. வால்வுக்கு அப்பால், டிரம் பக்கம் இருந்த சின்னக் குழாயைத் திறந்தார். 'ஸ்ஸ்' என்று நைட்ரஜன் வந்தது. வால்வுக்குள் தேய்ந்திருக்கிறது. மூடிய வால்வு அத்தனை நேரமும் சன்னமாகக் கசிந்துகொண்டே இருந்திருக்கிறது. விசிறி நின்ற அரைமணியில் அது டிரம்முக்குள் சேர்ந்துவிட்டது. யேசுதாஸ் என்னிடம் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை.

நான்காம் நாள் விசாரணை. அறையில் ஜெனரல் மேனேஜர், பணியாளர் அதிகாரி, மைதிலி மேடம். எதிரே நான். அதிகாரி என் சீட்டை மேஜையில் நகர்த்தினார்.

"இதுல யேசுதாஸ்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அவர் உத்தரவாதம் குடுத்தார், நீங்க கையெழுத்துப் போட்டீங்க. அப்படித்தானே? ஆமான்னு சொன்னீங்கன்னா முடிஞ்சிது."

இதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒரு நிமிஷம் அது எனக்கு வசதியாகத்தான் பட்டது. சூப்பர்வைசர் பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் இருந்தது. எழுதியதும் பொய்யில்லை. தலையை அசைத்தால் போதும்.

மேடம் ஹெல்மெட்டை மடியில் வைத்திருந்தார். "சார், நான் ரெண்டு கேள்வி கேட்டுக்கறேன்" என்றார். என் பக்கம் திரும்பினார். "ஆனந்தன், நீங்க யேசுதாஸை நம்பினீங்களா?"

"நம்புனேன் மேடம்."

"இப்ப?"

"இப்பவும் நம்புறேன்."

"சரி. குமரவேல் எதை நம்பி இறங்கினார்?"

வால்வை என்று சொல்ல வாயெடுத்தேன். குமரவேலுக்கு அந்த வால்வு எங்கே இருக்கிறது என்றே தெரியாது. யேசுதாஸ் யாரென்றும் தெரியாது. சீட்டைப் படிக்கவும் தெரியாது. அதன் அடியில் ஒரு கையெழுத்து விழுந்ததை மட்டும் பார்த்தார். பிறகு பட்டையைக் கட்டிக்கொண்டு இறங்கினார்.

"என்னை நம்பி, மேடம்" என்றேன்.

மேடம் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து என் முன்னால் வைத்தார். பேனாவின் மூடியைக் கழற்றிக் கொடுத்தார்.

எழுதினேன். தகடு போடாதது, டீக்குப் பிறகு சோதிக்காதது, இரண்டும் என் தவறு. யேசுதாஸ் சொன்னபடி வால்வு மூடித்தான் இருந்தது. தமிழில்தான் எழுதினேன். ஒரு மாதம் சஸ்பெண்டு செய்தார்கள். சூப்பர்வைசர் பட்டியலில் என் பெயர் அதன்பிறகு எட்டு வருஷம் வரவில்லை. கேஸ்கெட் இல்லாத நாளில் போன் செய்து அவசரப்படுத்தியவர்களைப் பற்றியும் மேடம் தன் அறிக்கையில் எழுதினார் என்று கேள்வி. அவர்களுக்கு என்ன ஆனது என்று எங்களுக்குச் சொல்லவில்லை.

விசாரணை முடிந்த மாலை எண்ணூர் ஸ்டேஷனில் யேசுதாஸ் நின்றிருந்தான். மூக்கு இன்னும் வீங்கியிருந்தது. அவனைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டு கிட்டப் போனேன்.

"என் பேர ஏன்டா எழுதுன?"

"டேய், நான் உள்ள சொல்லிட்டேன், உன் மேல..."

"அத்த கேக்கல. வால்வு நம்பர எழுதியிருக்கலாம்ல? என் பேர ஏன் எழுதுன? உனக்கு என் மேல சந்தேகம் கீதுன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கணும். தகடு போடாம வுட மாட்டேன்னு சொல்லியிருந்தா ரெண்டு நாளு பேசாம இருந்திருப்பேன், அப்பால வந்திருப்பேன். தோஸ்துன்னு சொல்லிகினு என் பேர முட்டுக்கு வெச்சிக்கினியேடா."

ரயில் வந்தது. அவன் வேறு பெட்டியில் ஏறினான்.

அவன் சொன்னதைப் பல வருஷம் மனதில் உருட்டிப் பார்த்துவிட்டேன். அதில் தப்பே இல்லை. தகடு கேட்டால் நண்பனை நம்பவில்லை என்று ஆகிவிடும் என நினைத்தேன். உண்மையில் 'உன்னை நம்புறேன், ஆனா வால்வை நம்பி ஆளை இறக்க மாட்டேன்' என்று சொல்லியிருக்கலாம். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல முடியும். பிறகு ஓய்வு பெறும்வரை எத்தனையோ பேரிடம் அப்படிச் சொன்னேன். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. அன்று யேசுதாஸிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை.

சஸ்பென்ஷன் மாதத்தில் குமரவேல் வீட்டுக்குப் போனேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டிருந்தார். இடது கை நடுங்கியது. பேசிக்கொண்டே இருப்பார், நடுவில் ஒரு வார்த்தை வராமல் நின்றுவிடும். பிறகு வேறு வார்த்தையைப் போட்டு முடிப்பார். காலில் விழுந்துவிட வேண்டும் என்ற நினைப்போடு போயிருந்தேன். அவர் மனைவி நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"நீங்கதானா சார் அது? கட்டுனாதான் எறங்கலாம்னு சொன்னது? ஊரெல்லாம் அதத்தான் சொல்லிகினு கீறாரு. அந்த சார் கட்ட சொல்லலன்னா நான் இல்லன்னு."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "இல்லம்மா, அவரு உள்ள மயங்குனதே என்னாலதான்" என்றேன். முழுக்கச் சொன்னேன். அந்த அம்மா கேட்டுவிட்டு, "ரெண்டும் நீங்கதானா?" என்று மட்டும் கேட்டார். டீ கொடுத்தார். குடித்தேன். பின்னால் மேடம் விடாமல் எழுதி எழுதிக் குமரவேலுக்கு ஆலையின் கருவி அறையில் நிரந்தர வேலை வாங்கிக் கொடுத்தார். அவர் என்னிடம் சகஜமாகத்தான் பேசுவார். எனக்குத்தான் அவர் கை நடுங்குவதைப் பார்க்க முடியாது.

வேலைக்குத் திரும்பிய முதல் நாள். நாலாம் நம்பர் டிரம் அப்படியே கிடந்தது. உபரி டிரம் என்பதால் அதை விட்டுவிட்டு மற்றவற்றை வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அதற்குள் இறங்க ஒருவரும் தயாராக இல்லை. கான்ட்ராக்ட் ஆட்கள் வாசல்வரை வந்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

"நான் எறங்குறேன் மேடம். பழைய ஃபிட்டர்தானே" என்றேன்.

மேடம் சரி என்றார்.

இந்தத் தடவை தகடு போட்டிருந்தது. யேசுதாஸ்தான் ஆபரேட்டர். ஒரு மாதமாக அவன் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றும் பேசவில்லை. என் முன்கையைப் பிடித்து இழுத்துப்போய், பைப்பின் இரண்டு விளிம்புக்கு நடுவே துருத்திக்கொண்டிருந்த தகட்டின் காதைத் தொடவைத்தான். எட்டு போல்ட்டுகளையும் ஒவ்வொன்றாகத் தொடவைத்தான். காற்றைச் சோதித்துக் கருவியை என் முகத்துக்கு நேரே பிடித்தான். மேடம் சீட்டை நின்றபடியே வாய்விட்டுப் படித்தார். ஏழாவது வரியில் தகட்டின் எண் இருந்தது. யாருடைய பெயரும் இல்லை.

"கயிறு யார் பிடிக்கறது?" என்று மேடம் கேட்டார்.

யேசுதாஸ் முன்னால் வந்து என் முதுகுப் பட்டையில் கயிற்றை மாட்டினான். இரண்டு முறை இழுத்துப் பார்த்தான். நான் திரும்பி அவன் முகத்தைப் பார்த்தேன்.

"இன்னா பாக்குற? நான் உன்ன இன்னும் மன்னிக்கல. அது வேற. கயிறு என் கையில கீது. எறங்கு."

வாசலுக்குள் காலை விட்டேன். ஏணியின் கம்பிகள் சில்லென்றிருந்தன. மேலே வட்டமாகத் தெரிந்த வானம் ஒவ்வொரு படிக்கும் சிறுத்துக்கொண்டே வந்தது. குமரவேல் உட்கார்ந்த இடத்தில் என் கால் பட்டது. வலையைக் கழற்ற ஆரம்பித்தேன்.

உள்ளே ஆள் இருக்கும்போது மேலே நிற்கிறவர் இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும், உள்ளே இருப்பவர் பதில் தர வேண்டும் என்பது விதி. அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் இரண்டு நிமிஷம் ஆகவில்லை. அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது. இரும்புக்குள் பட்டு எதிரொலித்துக்கொண்டு அவன் குரல் இறங்கி வந்தது.

"ஆனந்தா!"

"கீறேன்டா!"

"ஆனந்தா!"

"கீறேன்!"